தறிக் காதும் கிணற்றுக் காதும்

பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ விசைத்தறி ஓடும் தெருவுக்குள் போனால், கொட்டகைக்குள் இருப்பவர்கள் வாயசைவையும் கையசைவையும் பார்த்தே பேசிக்கொள்வது தெரியும். அந்தச் சத்தத்தில் இருபது முப்பது வருஷம் நின்றவருக்கு வீட்டுக்கு வந்த பிறகும் குரல் இறங்காது. "ஏனுங்க இப்படிக் கத்தறீங்க, நான் பக்கத்துலதானே நிக்கறேன்" என்று மனைவி சொல்வார். அதே தெருவில் இன்னொரு வீட்டில், சின்ன வயசிலிருந்தே காதில் சீ வடிகிற ஒரு பெண் இருப்பார். அவரிடமும் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஆனால் அவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே மெல்லத்தான் கேட்கும். ஊர் இரண்டு பேரையும் "காது மந்தம்" என்று ஒரே பெயரில் சேர்த்துவிடுகிறது.

அந்த ஒரே பெயரால் வரும் நஷ்டம் பெரிது. தறிக்காரருக்கு உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் சத்தத்தால் அழிந்திருக்கும். அழிந்தவை மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. சீ வடிகிற பெண்ணுக்கோ உள்காது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சத்தம் அங்கே போய்ச் சேருகிற வழியில்தான் கோளாறு. வழியில் வந்த கோளாறை மருந்தாலோ அறுவையாலோ பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். இது தெரியாமல், "நரம்பு போச்சுங்க, இனி என்ன பண்றது" என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டு, சரியாகியிருக்கக்கூடிய காதோடு பாதி வாழ்க்கையை ஓட்டியவர்கள் உண்டு. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டாவது வகைக்கே. மருத்துவர்கள் இதைக் கடத்தல் வகைக் கேட்புக் குறைவு என்பார்கள்.

கிணற்றில் முங்கு நீச்சல் போட்டவர்களுக்கு இதன் அடிப்படை சட்டென்று புரியும். தண்ணீருக்குள் இருக்கும்போது மேட்டில் நிற்பவர் எவ்வளவு கத்தினாலும் சரியாகக் கேட்காது. காற்றில் வரும் சத்தம் தண்ணீரின் மேல் பட்டதும், ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே இறங்கி, மீதி எல்லாம் திரும்பிப் போய்விடும். நம் உள்காதும் திரவம் நிறைந்த ஒரு சின்னக் கிணறுதான். வெளிச்சத்தத்தை அந்தத் திரவத்துக்குள் இறக்குவதற்காகவே நடுச்செவி என்ற ஏற்பாடு இருக்கிறது. செவிப்பறை ஒரு சென்டிமீட்டர் கூட அகலமில்லாத மெல்லிய தோல். அதன் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன. கடைசியில் உள்ள அங்கவடி சுமார் மூன்று மில்லிமீட்டர்தான்; உடம்பிலேயே சின்ன எலும்பு அது. அகலமான செவிப்பறையில் விழுகிற அழுத்தம், உள்காதின் வாசலில் இருக்கும், அதைவிடச் சுமார் 17 மடங்கு சிறிய ஜன்னலில் போய்க் குவிகிறது. எலும்புகளின் நெம்பு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது. ஆக அழுத்தம் 20 மடங்குக்கு மேல் பெருகித்தான் உள்ளே போகிறது.

காதுத் துவாரம், செவிப்பறை, இந்த மூன்று எலும்புகள் என்று எங்கே அடைத்தாலும், கிழிந்தாலும், இறுகினாலும் கேட்பது குறையும். ஆனால் இந்த வகையில் ஒருவர் முழுச் செவிடாவதில்லை. அதிகம் போனால் 60 டெசிபல் அளவுக்கு இழப்பு வரும். உரக்கப் பேசினால் கேட்கும். தன் குரல் மட்டும் மண்டையோட்டு எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போவதால் அவருக்கு அது கணீரென்று கேட்கும். அதனால்தான் தாழ்த்திப் பேசுகிறார். இரண்டு காதையும் விரலால் பொத்திக்கொண்டு நீங்களே ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். தறிக்காரருக்குத் தன் குரலும் சேர்ந்தே மங்கிவிடுவதால் அவர் கத்துகிறார்.

காது மருத்துவர் மேசையில் இருக்கும் இசைக்கவை இதே உண்மையை வைத்துத்தான் வேலை செய்கிறது. விநாடிக்கு 512 முறை அதிரும் இரும்புக் கவையை முதலில் காதுக்குப் பின்னால் எலும்பில் வைப்பார், பிறகு காதுக்கு முன்னால் பிடிப்பார். எங்கே அதிகம் கேட்கிறது என்று கேட்பார். நல்ல காதுக்கு முன்னால்தான் அதிகம். வழி அடைத்த காதுக்கு எலும்பில் அதிகம். அடுத்து நெற்றி நடுவில் வைப்பார். ஒரு பக்கம் மட்டும் வழி அடைத்திருந்தால் சத்தம் அந்தக் கெட்ட காதுப் பக்கமே சாயும். இதைச் சொல்லப் பலர் கூச்சப்படுவார்கள். "கேக்காத காதுல எப்படிங்க கேக்கும்" என்று நினைத்து நல்ல காதைக் காட்டிவிடுவார்கள். கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். 1834-இல் வேபர், 1855-இல் ரின்னே என்ற இரண்டு ஜெர்மானியர்கள் எழுதி வைத்த சோதனைகள் இவை. இன்றைக்கும் எந்த இயந்திரத்துக்கு முன்னாலும் இவைதான் முதலில்.

கவை இல்லாமல் வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் முனகுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போயிருக்கும்போது, முனகல் அந்தக் காதில் அதிகம் கேட்டால் அடைப்பாக இருக்கலாம். நல்ல காதில் மட்டும் கேட்டால் உள்காதே அடிபட்டிருக்கக்கூடும். அது அவசரம். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் திரும்ப வர வாய்ப்பு அதிகம். இந்த முனகல் ஒரு குறிப்பு மட்டுமே. எப்படிக் கேட்டாலும் காதைக் காட்டிவிடுவது நல்லது.

இனி வழியில் வரும் கோளாறுகள். மிகச் சாதாரணமானது குறும்பி. அதை அழுக்கு என்கிறோம். உண்மையில் காதுத் துவாரத்தின் வெளிப்பகுதியில் சுரந்து, தூசியையும் கிருமியையும் பிடித்து வைக்கும் மெழுகு அது. காதுத் தோல் நகம் வளரும் வேகத்தில் செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறும்பியையும் கூடவே தள்ளிக்கொண்டு வருகிறது. நாம் குடையாமல் விட்டால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே வெளியே வந்துவிடும். குடைந்தால் உள்ளே போய்க் கெட்டித்துக்கொள்ளும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்ததும், அல்லது கிணற்றில் குதித்து ஏறியதும், "காது கப்புனு அடைச்சுக்கிச்சு" என்பார்கள். தண்ணீரை உறிஞ்சிக் குறும்பி ஊதி, மிச்சமிருந்த இடைவெளியை மூடிக்கொண்டது, அவ்வளவுதான். நான்கைந்து நாள் இளக்கும் சொட்டு மருந்து விட்டு, மருத்துவர் உறிஞ்சியோ வெதுவெதுப்பான நீரைப் பீய்ச்சியோ எடுத்தால் அந்த நிமிஷமே கேட்கும். நீர் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த நீர் பட்டால் தலை சுற்றி விழுவார்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நீர் பீய்ச்சவே கூடாது. இந்த வேலையை வீட்டில் செய்யக் கூடாது என்பது அதனால்தான்.

குடைவது என்று வந்தால் நம் பக்கம் ஆயுதங்களுக்குப் பஞ்சமில்லை. ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, சைக்கிள் கம்பி, பைக் சாவி, கடையில் விற்கும் பஞ்சுக் குச்சி. நாமக்கல் பக்கம் கோழி இறகு. கோழிப் பண்ணை ஊரில் இறகுக்கு என்ன குறை? மெத்தென்று இருக்கிறது, குத்தாது என்று நினைக்கிறோம். காதுக்குள் தொண்டைக்குப் போகும் நரம்பின் ஒரு கிளை இருப்பதால் சிலருக்குக் குடையும்போது இருமல் வரும், சுகமும் அப்படித்தான். ஆனால் பண்ணைத் தரையில் கிடந்த இறகில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காதுத் துவாரத்தின் உள்பாதியில் எலும்பின் மேலேயே ஒட்டிய மெல்லிய தோல்தான் இருக்கிறது. அதில் ஒரு கீறல் போதும்.

அந்தக் கீறலில் எண்ணெயையும் ஊற்றினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். காது வலி என்றதும் நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி விடுவது பாட்டிமார்களின் கைவைத்தியம். அந்த அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வெதுவெதுப்பில் கொஞ்ச நேரம் வலி அடங்குவதும் உண்டு. ஆனால் ஈரமும் எண்ணெயும் சேர்ந்த இருட்டுத் துவாரம் பூஞ்சை வளர ஏற்ற இடம். தாங்க முடியாத அரிப்பு, அடைப்பு, மங்கிய கேட்பு எல்லாம் வரும். உள்ளே பார்த்தால் நனைந்த செய்தித்தாள் போல வெள்ளைத் திட்டும் மேலே கறுப்புப் புள்ளிகளும் தெரியும். சுத்தம் செய்து பூஞ்சை மருந்து விட்டால் சரியாகும். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது காதிலும் மூக்கிலும் எண்ணெய் விட்டு ஊதுகிற வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்த குழந்தைகள் உண்டு.

எண்ணெய் சரியான மருந்தாகும் ஒரு சமயமும் இருக்கிறது. தோட்டத்தில் படுத்திருக்கும்போது பூச்சி காதுக்குள் புகுந்து குடையும்போது, செவிப்பறையில் ஓட்டை இல்லாதவர்கள் இரண்டு சொட்டு எண்ணெய் விடலாம். பூச்சி செத்து வலி அடங்கும்; பிறகு மருத்துவர் எடுத்துவிடுவார். குழந்தை காதுக்குள் மக்காச்சோளம், பயறு, புளியங்கொட்டை எதையாவது போட்டிருந்தால் நேர்மாறு: ஒரு சொட்டுத் தண்ணீர் கூட விடக் கூடாது, ஊறிப் பெருத்துக்கொள்ளும். பொம்மையில் இருக்கும் பொத்தான் பேட்டரி காதுக்குள் போயிருந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. சில மணி நேரத்திலேயே அது தோலை அரித்துவிடும்.

செவிப்பறைக்குப் பின்னால் நடப்பதைப் புரிந்துகொள்ளக் கொல்லிமலைக்கு ஒரு தடவை போய் வந்தால் போதும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் படக்கென்று விடும். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுச்செவிக்கு யூஸ்டேசியன் குழல் என்று ஒரு வழி போகிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தத்தைச் சமமாக்குகிறது. சளி பிடித்து அந்தக் குழல் வீங்கிக்கொண்டால் மலை ஏறாமலே காது அடைத்தபடி இருக்கும். குழந்தைகளுக்கு அந்தக் குழல் குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுத்த வாக்கிலும் இருப்பதால் மூக்குச் சளி சுலபமாக நடுச்செவிக்கு ஏறிவிடும். படுக்க வைத்துப் புட்டிப்பால் கொடுக்க வேண்டாம் என்று சொல்வதற்கும் அதுதான் காரணம்.

சளியோடு கிருமியும் ஏறினால் ராத்திரியில் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு வீறிடும். சில சமயம் விடியற்காலையில் செவிப்பறை தானே சின்னதாகக் கிழிந்து சீ வெளியே வரும், வலி அடங்கிவிடும். இப்படிக் கிழிந்தது பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஒட்டிக்கொள்ளும்.

வலியே இல்லாமல் வரும் இன்னொன்றுதான் பெற்றோரை ஏமாற்றுவது. நடுச்செவியில் பசை போல நீர் தேங்கிவிடும். காய்ச்சல் இல்லை, சீ இல்லை. மூக்கின் பின்னால் அடினாய்டு சதை பெருத்து, வாயைத் திறந்து தூங்குகிற, குறட்டை விடுகிற குழந்தைகளிடம் இது அதிகம். டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பான், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். "கவனமே இல்லீங்க, எங்கியோ பாத்துட்டு இருக்கறான்" என்று டீச்சர் சொல்வார். அந்தப் பையனுக்கு அப்போது இரண்டு காதிலும் பஞ்சு வைத்தது போல இருக்கிறது. அதற்காகவும் அவன் அடி வாங்குகிறான். பெரும்பாலும் மூன்று மாதத்தில் நீர் தானே வடிந்துவிடும் என்பதால் மருத்துவர் முதலில் பொறுத்துப் பார்ப்பார். வடியாமல் கேட்பு குறைந்தே இருந்தால், செவிப்பறையில் சின்ன ஓட்டை போட்டுக் குட்டிக் குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். மாதங்கள் கழித்து அது தானே விழுந்துவிடும். 2013 முதல் அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் தேசியச் சிறார் நலத் திட்டக் குழு பார்க்க வேண்டிய கோளாறுகளின் பட்டியலில் நடுச்செவி அழற்சியும் கேட்புக் குறைவும் இருக்கின்றன. அந்தக் குழு வரும் அன்று டீச்சர் சந்தேகப்படும் குழந்தையை முன்னால் நிறுத்தினால் போதும்.

அடி என்று சொன்னேன். கன்னத்தில் விழும் அறை காதின் மேல் விழுந்தால், துவாரத்தில் இருக்கும் காற்று அமுங்கிச் செவிப்பறை கிழிந்துவிடும். பள்ளியிலும் வீட்டிலும் குடித்துவிட்டு வரும் புருஷன் கையிலும் இப்படிக் காது கிழிந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். வந்து "விழுந்துட்டனுங்க" என்றுதான் சொல்வார்கள். காதில் எதுவும் ஊற்றாமல், தண்ணீர் படாமல், மூக்கைப் பலமாகச் சிந்தாமல் இருந்தால் பெரும்பாலான கிழிசல்கள் இரண்டு மூன்று மாதத்துக்குள் மூடிக்கொள்ளும். அடித்த கையை நிறுத்துவது வேறு வைத்தியம், அதற்கும் யாராவது வழி செய்ய வேண்டும்.

மூடாமல் நின்றுவிட்ட ஓட்டைதான் நம் பக்கத்தில் "சீ வடியற காது". உலக சுகாதார நிறுவனம் ஒரு சமூகத்தில் நூறு பேரில் நான்கு பேருக்கு மேல் இது இருந்தால் உடனே கவனிக்க வேண்டிய பெரும் சிக்கல் என்று வரையறுத்திருக்கிறது. வறுமை, நெரிசலான வீடு, கவனிக்காத சளி, குளத்து நீர், கிணற்று நீர் எல்லாம் சேர்ந்து இதை வளர்க்கின்றன. ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும்போதெல்லாம் சீ திரும்ப வரும். கோடை விடுமுறையில் கிணற்றில் நீச்சல், ஜூனில் பள்ளி திறக்கும்போது காதில் பஞ்சு என்று ஒவ்வொரு வருஷமும் ஓடும். "வளந்தா சரியாப் போயிரும்" என்பது சில குழந்தைகளுக்குத்தான் உண்மை. மற்றவர்களுக்கு வருஷம் ஏற ஏற ஓட்டை பெரிதாகிறது, பட்டடை எலும்பு அரித்துத் தொடர்பு அறுகிறது, கடைசியில் விஷம் உள்காதுக்கும் கசிந்து தறிக்காரரின் செவிட்டையும் கூடவே கொண்டுவருகிறது. மருந்துக் கடையில் தானாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் அதைச் செய்யக்கூடும். ஜென்டாமைசின் போன்றவை ஓட்டை வழியாக உள்ளே போனால் மயிர்ச் செல்களைக் கொல்லும் தன்மை உள்ளவை. ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் மருத்துவர் எழுதியதை மட்டுமே விட வேண்டும்.

சீயிலும் இரண்டு உண்டு. நிறைய, நூல் நூலாக, வாடையில்லாமல் சளி பிடிக்கும்போதெல்லாம் வந்து போவது அவ்வளவு ஆபத்தில்லாதது. கொஞ்சமாக, ஆனால் பக்கத்தில் வருபவர் முகம் சுளிக்கும் அளவுக்கு நாற்றமடிப்பது வேறு. அங்கே தோல் உள்பக்கம் மடிந்து, உதிரும் தோலெல்லாம் ஒரு பையில் சேர்ந்து, சுற்றியுள்ள எலும்பை அரித்துக்கொண்டே போகும். காதுக்கு மேலே மெல்லிய எலும்புத் தகட்டுக்கு அந்தப்பக்கம் மூளை. பக்கத்திலேயே முகத்தை அசைக்கும் நரம்பு. நாற்றமடிக்கும் சீயோடு தலைவலி, காய்ச்சல், தலைசுற்றல், வாய் கோணுதல் இவற்றில் எது வந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த வகைக்குச் சொட்டு மருந்து போதாது. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பைத் திறந்து பையை முழுக்க எடுக்கும் அறுவைதான் வழி. முதல் நோக்கம் உயிர், கேட்பது அதற்கு அடுத்துத்தான்.

ஆபத்தில்லாத ஓட்டையை அடைப்பது எளிது. 1950-களில் ஜெர்மனியில் வுல்ஸ்டைனும் சோல்னரும் முறைப்படுத்திய அறுவை அது. இன்று காதுக்கு மேல் பொட்டுத் தசையின் மேலிருக்கும் மெல்லிய உறையிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஓட்டைக்கு ஒட்டுப் போடுகிறார்கள். எலும்புச் சங்கிலி அறுந்திருந்தால் அதையும் இணைக்கிறார்கள்.

ஓட்டையும் இல்லை, சீயும் இல்லை, இருபதுகளில் மெல்ல மெல்லக் கேட்பு குறைகிறது என்றால், அதுவும் பெண்ணாக இருந்து அம்மாவுக்கும் அப்படி இருந்தது என்றால், அங்கவடி எலும்பு அசையாமல் இறுகிப்போகும் நோயாக இருக்கலாம். இவர்களிடம் ஒரு விசித்திரம்: அமைதியான வீட்டைவிடச் சத்தமான இடத்தில் நன்றாகப் பேச்சு கேட்கும். மேளம் அடித்தால் மட்டுமே கணவன் பேச்சு கேட்ட ஒரு பெண்ணைப் பற்றி 17-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் எழுதியிருக்கிறார். சத்தத்தில் மற்றவர்கள் குரலை உயர்த்துகிறார்கள். இவருக்கோ அந்தச் சத்தம் பாதி கேட்பதில்லை, உயர்ந்த குரல் மட்டும் உள்ளே போகிறது. தறிக் கொட்டகையில் மட்டும் சரியாகக் காது கேட்கிற பெண் வீட்டில் இருந்தால் இந்த நோயை நினைத்துப் பாருங்கள். 1956-இல் அமெரிக்காவில் ஜான் ஷே அந்த இறுகிய எலும்பை எடுத்துவிட்டுச் செயற்கை எலும்பு வைத்துக் காட்டினார். இப்போது பலருக்கு மரத்துப் போகும் ஊசி மட்டும் போட்டு இதைச் செய்கிறார்கள். மேசையில் படுத்திருக்கும்போதே மருத்துவர் மெல்லப் பேசிப் பார்ப்பார், நோயாளி பதில் சொல்வார். அறுவை வேண்டாம் என்பவர்களுக்குக் காது கேட்கும் கருவி நன்றாக உதவும். உள்காது நலமாக இருப்பதால் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தாலே பேச்சு தெளிவாகக் கேட்கும்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கான முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது அறுவைகள் பலவும் அடங்கும். குடும்ப அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தலைக்குக் குளிக்கும்போது பஞ்சில் தேங்காய் எண்ணெய் தடவிக் காது வாசலில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கொல்லிமலைப் பயணத்தைத் தள்ளி வையுங்கள். ஒட்டுப் பிடித்துவிட்டது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பையன் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருக்கட்டும்.